சக்கரம் வைத்த சுரண்டி

என் கணவர் விழுந்த சத்தம் கேட்டுப் பின்முற்றத்துக்கு ஓடினேன். ஓடினவள் முதலில் அவரைத் தூக்கவில்லை. அவர் காலில் சுருண்டிருந்த கோணியை இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எறிந்தேன். அதற்குப் பிறகுதான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டேன்.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிறது. அவர் நகரியில் பவர்லூம் மெக்கானிக். காலையில் மொபெட்டில் கிளம்பினால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கடப்பா கல் பாவிய முற்றம். கிரைண்டர், தொட்டி, துணி துவைக்கும் கல், குளியலறை எல்லாம் அங்கேதான். மாவு வாங்க வருகிற பெண்களும் பக்கத்துச் சந்து வழியாக அந்த முற்றத்துக்குத்தான் வருவார்கள்.

அரிசி களைந்த தண்ணீர், உளுந்து கழுவிய தண்ணீர், கிரைண்டர் கழுவிய தண்ணீர், எல்லாம் அந்தக் கற்களின் மேல்தான் ஓடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பூசியிருந்த சிமென்ட் எப்போதோ பொடிந்துபோயிருந்தது. அந்த இடுக்குகளில் மாவுத் தண்ணீர் தேங்கிப் புளித்துப் பாசி பிடித்து, அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது. கார்த்திகை மழை தொடங்கியதும் பாசி இடுக்கைவிட்டு வெளியே வந்து கல்லின் மேலேயே படர்ந்துவிட்டது.

அவர் விழுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மாவு வாங்க வந்த எதிர்வீட்டுப் பெண் குளியலறைக்கு முன்னால் லேசாக வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கோவ், யாராச்சும் உயுந்து வெக்கப் போறாங்க. பாத்துக்கோ" என்றாள்.

"நாளிக்கி பிளீச்சிங் போட்டுத் தேய்க்கணும்" என்றேன்.

அன்றைக்கு எனக்கு முடியவில்லை. அடுத்த வீட்டில் ஒரு விசேஷம், மாவு நிறையக் கேட்டிருந்தார்கள். ஒரு பழைய கோணியை எடுத்து அந்த வழுக்குகிற இடத்தின் மேல் விரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். காலையில் அவர் சோப்பு டப்பாவோடு வேகமாகப் போனார். பாசியின் மேல் கிடந்த ஈரக் கோணி வழுக்கிக்கொண்டு போய் அவர் காலைச் சுற்றிக்கொண்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

கோணியை ஏன் எடுத்து எறிந்தேன் என்று பல தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் கை தானாகச் செய்தது என்று சொன்னாலும் அது முழு உண்மையாகாது. எறியும்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் வந்து, "இது நீ போட்டதா?" என்று கேட்டுவிடுவாளே என்ற பயம் ஒரு நொடியில் வந்தது. அவர் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் வெந்நீர் அடுப்பில் அந்தக் கோணியை வைத்து எரித்தேன். ஈரமாக இருந்ததால் வெகுநேரம் புகைந்துகொண்டே இருந்தது.

புத்தூர் எலும்பு வைத்தியரிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டோம். மூங்கில் பட்டை வைத்து, மருந்தில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டினார்கள். வலி குறைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காலுல ஏதோ சுத்திக்கினாப்பல இருந்துச்சிமே" என்பதுதான்.

"சுத்தறதுக்கு அங்க இன்னா இருக்குது? எல்லாம் பாசிதான்" என்றேன் நான்.

பார்க்க வந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். வந்தவர்கள் முற்றத்தை எட்டிப் பார்த்தார்கள். அங்கே எதுவும் இல்லை. அவருடைய அண்ணன்தான் முதலில் சந்தேகத்தைக் கிளப்பினார். "வெறும் வயித்துல மயக்கம் கியக்கம் வந்திருக்கும்டா. வயசாவுதில்ல? கால் பின்னிக்கினதுதான் உனக்கு அப்டித் தெரிஞ்சிருக்குது."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க மறுத்துக்கொண்டே இருந்தார். மறுக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் மோர் கொண்டுவர உள்ளே போய்விடுவேன். இரண்டாவது கட்டு மாற்றிக்கொண்டு வந்த பிறகு அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏமே, எனக்கு முன்னாடி எப்பனா மயக்கம் வந்திருக்குதா? உனக்கு நெனப்பு இருக்குதா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல" என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினது பொய்யைவிட மோசம்.

முற்றத்தை உடனே சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது அப்போதுதான். பிளீச்சிங் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலே இருந்த பாசி போனது. இடுக்கில் இருந்தது போகவில்லை, நான்கு நாளில் திரும்ப வந்துவிட்டது. கொத்து வேலை செய்கிற மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு இடுக்கில் ஆணியை விட்டுக் குத்திப் பார்த்தார்.

"அப்பிடியே மேல பூசினா நிக்காதும்மா. ஒரு வெரல் ஆழத்துக்கு இருக்கறதெல்லாம் நோண்டி எடுக்கணும். புல்லு வேரு ஒண்ணு நின்னாலும் திரும்ப வெடிக்கும். அப்புறம் கழுவிக் காய வெச்சி, சிமென்டால இடுக்க அடைச்சி பாயிண்டிங் போடணும். நோண்டறதுதான் பேஜாரு வேல. அதுக்கு எங்க ஆளுங்க வரமாட்டாங்க. சங்கராந்தி முடியட்டும், பாக்கலாம்."

சங்கராந்தி வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது என்று தோன்றியது. மழை விட்டிருந்த ஒரு காலை, அவருடைய டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். கறுத்துப் புளித்துப்போன மண் போல ஏதோ வந்தது. அதற்குக் கீழே பழைய சிமென்ட் சில இடத்தில் சோறு போலக் குழைந்தும், சில இடத்தில் கல்லைவிடக் கெட்டியாகவும் இருந்தது. புல்லின் வேர் நூல் நூலாகக் கல்லுக்கு அடியில் ஓடியிருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு முழம்கூட ஆகவில்லை. எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மறுநாள் மாவு வழிக்கக் கையில் பலம் இல்லை. கட்டைவிரல் மடங்கவே இல்லை. முற்றத்தில் உள்ள இடுக்குகளை நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தேன். கை வலித்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் வலியில் ஒரு பங்கை நானும் எடுத்துக்கொண்டது போல. இப்படி யோசிப்பது சௌகரியமான ஏமாற்று என்று இப்போது தெரிகிறது.

பத்து நாளைக்குப் பிறகு முழங்கால் வீங்கிவிட்டது. நின்றுகொண்டு இழுக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் இது முடியும் என்று அப்போது தோன்றியது. கழனியில் நின்றுகொண்டு களை எடுக்கிற சாமான் மாதிரி. ஆனால் முனை மட்டும் ஒரு இடுக்குக்குள் நுழைகிற அளவுக்கு மெல்லிசாகவும், சிமென்டை அறுக்கிற அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். புத்தூரில் லேத் பட்டறையில் இரும்பு அறுத்துத் தேய்ந்துபோன தடி ரம்ப பிளேடுகளை மூலையில் போட்டிருப்பார்கள். ஒன்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வீட்டில் பழைய கட்டிலின் இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கட்டிலில் இருந்தபடி அவர் அதைப் பார்த்துவிட்டார். "அத்த இன்னா பண்ணப் போற?"

சொன்னேன்.

"அதுல வெல்டிங் வெக்காத. சூடு பட்ட எடத்துல பட்டுனு ஒடஞ்சி பூடும்."

"படுத்துக்கினே எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

அவரிடம் அந்தக் குரலில் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நான் போய் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தேன். நின்றுகொண்டு இழுத்தபோது நன்றாகத்தான் இருந்தது, முதல் இடுக்கு முடிகிற வரைக்கும். அழுத்தம் சரியாக இல்லாததால் முனை துள்ளித் துள்ளி வெளியே வந்தது. கடப்பா கல்லில் வெள்ளைக் கோடு கோடாகக் கிழித்தது. இரண்டாவது இடுக்கின் நடுவில் பட்டென்று உடைந்து, உடைந்த துண்டு என் கணுக்காலைக் கீறிக்கொண்டு போனது. சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். நான் ரத்தத்தைக் கழுவிவிட்டு, குழாயைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

பொங்கலுக்கு வந்த எங்கள் மகள் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். அவள் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அப்போது கட்டைப் பிரித்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தடி ஊன்றி நடக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் நடக்கவில்லை. எழுந்து நின்றதும் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிடுவார்.

"இன்னா நைனா, காலு வலிக்குதா?"

"காலு இல்லமா. தல. தல சுத்தற மாதிரியே இருக்குது."

அவள் என்னைத் தனியாக அழைத்துப்போய், "எப்பத்துலருந்துமா இப்பிடி? எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பண்டிகை நாளாயிற்றே என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

தை மாதக் கடைசியில், புத்தூரிலிருந்து ரயிலேறி ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி போனோம். ரயிலிலிருந்து இறங்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. தடியை வைத்துப் பார்ப்பார், காலை வைப்பார், திரும்ப எடுத்துக்கொள்வார். ஓடுகிற தறிக்கு அடியில் படுத்துக் கை விட்டு வேலை செய்த மனிதர். பின்னால் இருந்தவர்கள் தெலுங்கில் அவசரப்படுத்தினார்கள். பிளாட்பாரத்தில் காத்திருந்த மகள் அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மகள் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, ஒரு பெரிய டாக்டரிடம் டோக்கன் வாங்கியிருந்தாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, எப்படி விழுந்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். நான் என் கணவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிதானமாக, கண் இருட்டிக்கொண்டு வந்தது, அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை என்று சொன்னார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களாம்மா?"

"சத்தம் கேட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

"ஏம் காது" என்றார் டாக்டர். ஒன்றும் ஆகாது, தலையில் குறை எதுவும் தெரியவில்லை என்றார். ஆனாலும் ஒருமுறை மயங்கி விழுந்திருப்பதால் இதயத்தையும் பார்த்துவிடலாம், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், ஓடுகிற மெஷின் பக்கம் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர் தறி முதலாளிக்குப் போன் செய்தார். "நான் இனிமே வர முடியாதுங்க. வேற ஆள வெச்சிக்கங்க" என்றார். சொல்லிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் மறுபடி ஸ்க்ரூ டிரைவரோடு முற்றத்தில் குந்தியிருந்தபோது, பின்வாசலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் தானாக எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே கால் வைக்கவில்லை.

"அந்தப் பைப்ப எட்தா" என்றார்.

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மொனை துள்ளுச்சா?"

"துள்ளுச்சி. உள்ளயே நிக்கல."

"நிக்காது. எவ்ளோ ஆழம் போவணும்னு அதுக்கு யாரு சொல்றது? கட்டிலுக்குக் கீய ஒரு டப்பா இருக்கும், பழைய பேரிங்கு போட்டு வெச்சிருக்கேன். அத்த எட்தா."

தறிகளிலிருந்து கழற்றிய தேய்ந்த பேரிங்குகள். அதில் ஒரே அளவாக இரண்டைத் தேடி எடுத்தார். அன்றைக்கும் அடுத்த நாளும் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஒரு இரும்புக் கம்பியை அச்சாக வைத்து, இரண்டு முனையிலும் பேரிங்கை மாட்டினோம். அவைதான் சக்கரம். நடுவில் குழாயைப் பொருத்தி, அதில் துளை போட்டு, பிளேடின் மீதித் துண்டை இரண்டு போல்ட்டில் முடுக்கினோம். வெல்டிங் கிடையாது. பிளேடின் துளையை அவர் சாணையில் நீளமாக்கியிருந்தார், அதனால் முனையை ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. நான் குழாயைப் பிடித்துக்கொள்ள, அவர் நாற்காலியில் இருந்தபடியே முனையைச் சாய்வாகத் தீட்டினார். பொறி பறந்தபோது, "மூஞ்ச அப்பால வெச்சிக்கோ" என்றார். விழுந்ததிலிருந்து அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஒரு குறை இருந்தது. எடை போதவில்லை. தேய்ந்துபோய் எடுத்து வைத்திருந்த கிரைண்டர் குழவி ஒன்றைக் கொண்டுவந்து அச்சின் மேல் கம்பியால் கட்டினேன். அதைப் பார்த்து அவர் சிரித்தேவிட்டார்.

இடுக்குக்கு இரண்டு பக்கமும் சக்கரத்தை வைத்து, முனையை உள்ளே இறக்கி, பின்னால் நடந்துகொண்டே இழுத்தேன். கரகரவென்று கறுப்பு மண்ணும் வேரும் சிமென்ட் பொடியும் வரிசையாக எழுந்து வந்தன. முனை துள்ளவில்லை. கெட்டியான இடத்தில் நின்றது. முன்னும் பின்னும் நான்கு தடவை இழுத்தால் அதுவும் விட்டுக் கொடுத்தது. குனியவே தேவையில்லை. மூன்று வாரத்தில் என்னால் செய்ய முடியாததை அன்று மத்தியானத்துக்குள் செய்துவிட்டேன். "பாருங்க, பாருங்க" என்று சின்னப்பெண் போலக் கத்தினேன். அவர் வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். முகம் நன்றாக இருந்தது.

களைத்துப்போய் அவர் காலடியில், வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர்ச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"நீ இருந்தாதான் எனக்கு நல்லதுமே" என்றார். "அன்னிக்கி கண்ணு இருட்டிக்கினு வந்தப்ப, எல்லாம் மஞ்ச மஞ்சயா தெரிஞ்சிது பாரு, அப்பத்திக்கி நீ ஓடி வரலன்னா இன்னா ஆயிருக்கும்?"

சொம்பைக் கீழே வைத்தேன். மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்ததென்று அவர் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. விழுந்த அன்றைக்குக் காலில் ஏதோ சுற்றியது என்று சொன்ன மனிதர், அதை மறந்தேபோய், நடக்காத ஒன்றை நிறத்தோடு ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார். அது எங்கிருந்து வந்தது? நான்தான் கொடுத்தேன்.

"கண்ணு இருட்டல" என்றேன்.

"இன்னா?"

"உங்களுக்குக் கண்ணும் இருட்டல, ஒண்ணும் இருட்டல. கோணி. அங்க வழுக்குதுன்னு நான்தான் மொதநாளு ஒரு கோணிய விரிச்சிட்டுப் போனன். அது உங்க காலுல சுத்திக்கிச்சி. நீங்க சொன்னது சரிதான். நான் வந்து மொதல்ல அத்ததான் எடுத்தன். அப்புறம்தான் உங்களத் தூக்கனன்."

அவர் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எங்க போட்ட அத்த?" என்று கேட்டார்.

"தொட்டிக்குப் பின்னால."

"அப்பால?"

"மறுநாளு அடுப்புல வெச்சி எரிச்சிட்டன்."

"அப்போ எனக்கு மயக்கம் வரல."

"வரல."

அவர் கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். மூச்சு ஒன்று நீளமாக வந்தது. அவர் முகத்தில் அப்போது தெரிந்தது கோபம் இல்லை, நிம்மதி. ஏதோ வியாதி என்று தனக்குள்ளேயே இரண்டு மாதமாகச் செத்துக்கொண்டிருந்தவருக்கு அது இல்லை என்று தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "டாக்டரு கேட்டப்பகூட நீ பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்த?"

"ஆமா."

"நான் மொதலாளிக்குப் போன் பண்ணப்ப?"

"அடுப்பங்கரைல இருந்தன்."

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. நேராக நடந்து உள்ளே போனார்.

மகளிடம் அவரேதான் சொன்னார். அன்று சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். "நைனா சொல்றது நெஜமாமா?"

"நெஜம்தான்."

"எத்தினி பேராண்ட கெஞ்சி அந்த டோக்கன் வாங்கனன் தெரியுமா? ஸ்கேன் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. பிளாட்பாரத்துல அவுரு எப்பிடி நடுங்கனாரு, பாத்தியா இல்லியா நீ?"

"பாத்தன்."

அவள் அழுதாளா, கோபத்தில் மூச்சு வாங்கினாளா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு மூன்று வாரம் அப்பாவுக்கு மட்டும்தான் பேசினாள்.

அவர் என்னோடு பேசாமல் இல்லை. தண்ணி, சோறு, துணி என்று வேண்டியதைக் கேட்டார். நான் வைத்ததைத் தின்றார். கத்தவில்லை, அண்ணனிடமோ தெருவிலோ சொல்லிக் கேவலப்படுத்தவில்லை. ஆனால் நான் அறைக்குள் போனால் அவர் பார்வை சுவருக்குப் போய்விடும். மீதி முற்றத்தை நான் தனியாகத்தான் செய்தேன். காலையில் மாவு வேலை முடிந்ததும் சுரண்டியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். முன்னால் அவர் நாற்காலி இருந்த வாசல் காலியாக இருக்கும். சுரண்டி நன்றாக வேலை செய்ததே எனக்கு ஒரு தொந்தரவாக இருந்தது. கை வலிக்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, மனத்தைத் திருப்ப ஒன்றும் இல்லை. ஒரு இடுக்கு முடிந்தால் அடுத்தது.

ஐந்தாம் நாள் மணல் புகுந்து ஒரு பேரிங் சுற்றாமல் நின்றுவிட்டது. அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சக்கரம் இழுபட இழுபடக் கல்லை உராய்ந்துகொண்டே வேலை செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு பேரிங்கும் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டு மாட்டியிருந்தது.

உள்ளே போய், "நீங்களா கழுவனீங்க?" என்றேன்.

"கிர்ரு கிர்ருனு சத்தம். காது வலிச்சிது. அதான்" என்றார்.

அதில் அன்பைத் தேடி நான் அன்றைக்கு முழுதும் அலைந்தேன். அவர் சொன்னதற்கு மேல் அதில் எதுவும் இருந்திருக்காது.

இடுக்குகளைக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, மணலும் சிமென்டும் கலந்து நானே பூசினேன். பூசுவது நோண்டுகிற மாதிரி இல்லை, கை பழகிவிட்டால் சுலபம்தான். ஈரச் சாக்கு போட்டு மூடினால்தான் சிமென்ட் நன்றாக இறுகும் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். நான் சாக்குப் போடவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினேன். கிரைண்டர் தண்ணீர் கல்லில் ஓடாமல் நேராகச் சாக்கடைக்குப் போக ஒரு பைப்பும் வைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு மேஸ்திரி வந்தார். முற்றத்தைப் பார்த்துவிட்டு, சுரண்டியைத் தூக்கிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுங்கண்ணா" என்று என் கணவரிடம் கேட்டார். "அது அவ ரோசன. அவளாண்ட கேளு" என்றார் அவர். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

மாசி முடிவில் அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனார். முதலாளி வேறு ஆளை வைத்துவிட்டிருந்தார். சின்னப் பையன், நன்றாக வேலை செய்கிறானாம், அவனை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டாராம். "நீ வேணாம்னு சொன்னப்புறம்தான வெச்சன்" என்று முதலாளி கேட்டாராம். இப்போது எங்காவது தறி நின்றுபோனால் கூப்பிடுகிறார்கள், போகிறார். கூப்பிடாத நாளில் வீட்டில் இருக்கிறார். இடது காலை லேசாக இழுத்து நடக்கிறார். இதயத்தைப் பார்க்கச் சொன்ன சீட்டை மகள் கிழித்துப் போட்டுவிட்டாள். முற்றத்தில் நடக்க அவருக்குப் பயம் எதுவும் இல்லை.

மகள் திரும்ப என்னோடு பேசத் தொடங்கினாள். முதலில் உடம்பு எப்படி என்று கேட்டாள். பிறகு வழக்கம் போல.

போன வெள்ளிக்கிழமை அவள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். அவர் வெளியே மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "ஞாயித்துக்கெயம வராளாம்."

"சரி" என்றார். துணியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். "இன்னாமா, ஞாயித்துக்கெயம வரியா? எந்த ரயிலு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நான் அதுவரைக்கும் கேள்விப்படாத சேதி போல, "வராளாம்" என்றார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போய் அரிசியை ஊறவைத்தேன்.